யார் சொன்னது? – முதலாண்டு சமூகவியல் மாணவனாக ஆய்வு ஆங்கிலம் பழகிய அனுபவம்

சமூகவியல் முதலாண்டில் நான் எழுதிக்கொடுத்த முதல் ஆங்கிலக் கட்டுரை ஐந்து பக்கம். பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் 1897-இல் வெளியிட்ட தற்கொலை பற்றிய ஆய்வின் மையக் கருத்தை விளக்குக என்பது வினா. பள்ளிப் படிப்பு முழுவதையும் தமிழ்வழியில் முடித்தவன் என்பதால் இலக்கணப் பிழையில்தான் மாட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நம்பி, நான்கு இரவுகள் கண்விழித்து ஒவ்வொரு வினைச்சொல்லின் காலத்தையும், அது எழுவாயோடு பொருந்துகிறதா என்பதையும் சரிபார்த்தேன். தாள் திரும்பி வந்தபோது இலக்கணத்துக்காக விழுந்திருந்த சிவப்புக் கோடுகள் ஆறோ ஏழோதான். ஆனால் பக்க ஓரத்தில் ஒரே கேள்வி பதினோரு இடங்களில் எழுதப்பட்டிருந்தது: ‘யார் சொன்னது?’ ஐந்தாம் பக்கத்துக்கு வருவதற்குள் ஆசிரியருக்கே கை வலித்திருக்க வேண்டும். அங்கே வெறும் கேள்விக்குறிகள் மட்டும் இருந்தன.

அந்தக் கேள்விகளில் ஒன்றுக்குக்கூட என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை என்பதுதான் பெரிய சங்கடம். ‘நவீன வாழ்க்கை மனிதனைத் தனிமைப்படுத்துகிறது’ என்று பொருள்படும் வாக்கியம் ஒன்று இரண்டாம் பக்கத்தில் இருந்தது. அது துர்கைம் எழுதியதா, பாடநூலாசிரியர் துர்கைமைச் சுருக்கும்போது தம் பங்குக்குச் சேர்த்ததா, வகுப்பில் காதில் விழுந்ததா, அல்லது நானே அப்படி நினைக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். நான்கும் கலந்திருந்தன. தமிழில் எழுதச் சொல்லியிருந்தாலும் இதே குழப்பத்தோடுதான் எழுதியிருப்பேன் என்று ஒப்புக்கொள்ள எனக்குச் சில மாதங்கள் பிடித்தன.

எங்கள் வகுப்பில் சிறுவயது முதல் ஆங்கிலத்திலேயே படித்து, ஆங்கிலத்திலேயே சண்டையும் போடக்கூடிய தோழி ஒருத்தி இருந்தாள். அவளுடைய கட்டுரையும் என்னுடையதைப் போலவே சிவந்து கிடந்ததைப் பார்த்தபோது எனக்குள் எழுந்த அற்ப மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. மகிழ்ச்சி அடங்கியபின் அதில் ஒரு செய்தி இருப்பது தெரிந்தது. பேச்சு ஆங்கிலம் சரளமாக இருப்பவருக்கும் இந்த எழுத்து தானாக வருவதில்லை. ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வியியலாளர் அன்றாட உரையாடலுக்கான மொழித்திறனையும் கல்விக்கான மொழித்திறனையும் 1979-இலேயே வேறுவேறாகப் பிரித்துக் காட்டியிருந்தார். கனடாவில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு உரையாடல் ஆங்கிலம் ஏறத்தாழ 2 ஆண்டுகளில் வந்துவிடுகிறது என்றும், பாடம் பயிலத் தேவையான ஆங்கிலத்தில் சக மாணவர்களை எட்ட 5 முதல் 7 ஆண்டுகள் ஆகின்றன என்றும் அவர் பின்னர் எழுதினார். இதை முன்பே படித்திருந்தால் முதலாண்டின் மாலைப்பொழுதுகளை ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் கழித்திருக்க மாட்டேன். அங்கே கூச்சம் குறைந்தது என்பது உண்மை. கட்டுரையில் ஒரு வரிக்கும் அது உதவவில்லை என்பதும் உண்மை.

பதினோரு கேள்விகளும் எங்கெங்கே விழுந்திருக்கின்றன என்று ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் என் கோளாறு பிடிபட்டது. நான் துர்கைமின் பெயரைச் சொல்லாமல் விட்டிருக்கவில்லை. ஒவ்வொரு பத்தியின் கடைசியிலும் ‘என்று துர்கைம் கூறுகிறார்’ என்ற பொருளில் ஒரு வாக்கியம் வைத்திருந்தேன். தமிழில் ஒருவர் கூற்றை எவ்வளவு நீளமாக அடுக்கிக்கொண்டு போனாலும் முடிவில் வரும் ஒரே ஒரு ‘என்று’ அத்தனையையும் பின்னோக்கி அள்ளி அவர் கணக்கில் சேர்த்துவிடும். ‘என்ப’, ‘என்மனார் புலவர்’ என்று நூற்பாவைக் கருத்துக்குரியவரின் கணக்கில் எழுதும் தொல்காப்பிய வழக்கு நம் காதில் ஊறிப்போனது. ஆங்கில வாசகரோ ஒவ்வொரு வாக்கியத்தையும் வாசிக்கும்போதே அது யாருடையது என்று எதிர்பார்க்கிறார். பெயர் முன்னால் வராவிட்டால் எழுதுபவரின் சொந்தக் கருத்து என்றே எடுத்துக்கொள்கிறார். கடைசி வரியில் நான் துர்கைமை அழைத்து வரும்போது, அதற்கு முந்தைய ஐந்து வாக்கியங்களுக்கும் நான் ஏற்கனவே பொறுப்பாளி ஆகிவிட்டிருந்தேன்.

இது தெரிந்தபின் நான் செய்த முதல் வேலை மூன்று நிறப் பேனாக்கள் வாங்கியது. நூலாசிரியர் சொன்னது நீலம், அந்த நூலாசிரியர் மேற்கோளாக எடுத்தாளும் பிறர் சொன்னது பச்சை, நான் சொல்வது கறுப்பு. கட்டுரை வரைவை முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்தின் அடியிலும் உரிய நிறத்தில் கோடிடுவேன். எந்த நிறம் என்று முடிவெடுக்க முடியாத வாக்கியம்தான் ஆசிரியர் கேள்வி கேட்கப்போகும் வாக்கியம் என்று வைத்துக்கொள்ளலாம். என் அனுபவத்தில் இந்தக் கணிப்பு பெரும்பாலும் தவறியதில்லை. இரண்டாவது கட்டுரையில் பக்கம் முழுதும் நீலமாக இருந்தது. கறுப்பு எங்கே என்று என்னையே கேட்டுக்கொண்டபோது, எனக்கென்று சொல்ல எதுவுமில்லை என்பது அம்பலமானது. அது வேறொரு நோய். அதற்கு மருந்து எங்கிருந்து வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன் சொற்களின் கதை. கடினமான சொற்கள் நம்மை ஏமாற்றுவதில்லை; பார்த்தவுடன் அகராதியை எடுத்துவிடுகிறோம். தெரிந்த முகத்தோடு வரும் சொற்கள்தான் ஏமாற்றுகின்றன. இரண்டாம் பருவத்தில், வேலைக்காகப் புலம்பெயர்ந்த பெண்களைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்றை வாசித்து வரச் சொல்லியிருந்தார்கள். ‘பெண்களின் ஏஜென்சி’ என்ற தொடர் அதில் திரும்பத் திரும்ப வந்தது. வேலைக்கு ஆள் அனுப்பும் முகமை என்று எடுத்துக்கொண்டேன். புலம்பெயர்வு பற்றிய கட்டுரை ஆகையால் அந்தப் பொருள் எப்படியோ எல்லா இடத்திலும் ஒட்டியும் வந்தது. குடும்பத்தார் அந்த ஏஜென்சியைக் கட்டுப்படுத்துகிறார்கள் என்ற வரியைக்கூட, குடும்பத்தாரே முகமை நடத்துகிறார்கள் போலும் என்று சமாதானம் செய்துகொண்டேன். மறுநாள் வகுப்பில் எழுந்து அதையே விளக்கமாகச் சொன்னேன். ஆசிரியர் சிரிக்கவில்லை. “அந்தச் சொல்லை எடுத்துவிட்டு அதே வாக்கியத்தை இன்னொரு முறை சொல்லுங்கள்” என்றார். என்னால் முடியவில்லை. தன் நிலைமையில் தானே முடிவெடுத்துச் செயல்படும் ஆற்றல் என்று அவர் விளக்கியபின், அதுவரை வாசித்த இருபது பக்கங்களையும் முதலிலிருந்து வாசிக்க வேண்டியதாயிற்று.

இப்படிப்பட்ட சொற்கள் இந்தத் துறையில் நிறைய உண்டு. ‘ஆர்க்யூமென்ட்’ என்றால் சண்டை என்றும், ‘கிரிட்டிக்கல்’ என்றால் குறைகூறுதல் என்றும் நினைத்துக்கொண்டு முதலாண்டில் நுழையும் மாணவர், ‘இக்கட்டுரையின் ஆர்க்யூமென்டைக் கிரிட்டிக்கலாக மதிப்பிடுக’ என்ற வினாவைப் பார்த்தால் பாவம், என்ன செய்வார்? கட்டுரையாசிரியரோடு சண்டைக்குப் போவார், நான் போனேன். சான்றுகளோடு நிறுவும் வாதமே ‘ஆர்க்யூமென்ட்’; நிறை குறை இரண்டையும் எடைபோடுவதே ‘கிரிட்டிக்கல்’. ‘கேபிடல்’ என்றால் பணம் மட்டுமன்று, கல்வியும் தொடர்புகளும்கூட. ‘இன்ஸ்டிடியூஷன்’ என்றால் கட்டடமும் பெயர்ப்பலகையும் உள்ள நிறுவனம் மட்டுமன்று, திருமணமும் அதில் அடங்கும். ‘சிக்னிஃபிகண்ட்’ என்பது புள்ளியியல் அட்டவணைக்குக் கீழே வரும்போது ‘முக்கியமானது’ என்று பொருள்படாது. உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் தற்செயலால் மட்டுமே இவ்வளவு வேறுபாடு தோன்றக்கூடிய வாய்ப்பு, 5 விழுக்காடு போன்ற முன்கூட்டியே வகுத்த அளவைவிடக் குறைவு என்பதுதான் அதன் பொருள். அளவில் மிகச் சிறியதாகவும் நடைமுறையில் ஒன்றுக்கும் உதவாததாகவும் இருக்கும் வேறுபாடுகூட அந்தப் பொருளில் ‘சிக்னிஃபிகண்ட்’ ஆகிவிடலாம்.

ஏஜென்சி விவகாரத்துக்குப் பிறகு ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டேன். ஒரு பக்கத்துக்கு ஒரே சொல். மேலே அதன் அன்றாடப் பொருள். அதன் கீழே துறைப்பொருளை என் சொந்தத் தமிழில் இரண்டு வரி. அதற்கும் கீழே நான் வாசித்த நூலிலிருந்து அச்சொல் வரும் முழு வாக்கியம் ஒன்று. மிச்ச இடத்தில், அந்தச் சொல் எந்தச் சொற்களோடு கூடி வருகிறது என்ற பட்டியல். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பொருள் தெரிந்தும் வாக்கியம் அமையாமல் போவதற்குக் காரணம், கூட வரும் சொற்கள் தெரியாமையே. ஏஜென்சி ‘எக்ஸர்சைஸ்’ செய்யப்படுகிறது; கருதுகோள் ‘டெஸ்ட்’ செய்யப்படுகிறது; தரவு ‘கலெக்ட்’ செய்யப்படுகிறது. இன்னொன்றும் அந்தக் குறிப்பேட்டில்தான் தெரிய வந்தது. தமிழில் சான்றுகள், ஆய்வுகள் என்று தாராளமாகப் பன்மையில் எழுதுவதால் ஆங்கிலத்திலும் ‘எவிடன்ஸஸ்’, ‘ரிசர்ச்சஸ்’ என்று எழுதிவந்தேன். அவ்விரண்டும் ஆங்கிலத்தில் எண்ணப்படாத பெயர்களாகவே வழங்குகின்றன. பன்மை வேண்டுமானால் ‘ஸ்டடீஸ்’ என்று எழுதிக்கொள்ளலாம்.

சொற்பட்டியலை மனப்பாடம் செய்யும் வழியிலும் ஒருமுறை இறங்கினேன். நியூசிலாந்தைச் சேர்ந்த ஆவெரில் காக்ஸ்ஹெட் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள், அதாவது ஒரே அடிச்சொல்லிலிருந்து கிளைக்கும் சொற்களின் தொகுதிகள், உள்ளன. கலை, வணிகம், சட்டம், அறிவியல் என்று நான்கு புலங்களிலிருந்து அவர் திரட்டிய ஏறத்தாழ 35 இலட்சம் சொற்கள் கொண்ட தொகுப்பில் சுமார் 10 விழுக்காட்டை இந்தக் குடும்பங்களே நிரப்பின. பத்தில் ஒரு சொல் என்றால் சாதாரணமில்லை என்று மயங்கி, அகரவரிசையில் ‘அபாண்டன்’ (கைவிடு) என்ற முதல் சொல்லில் தொடங்கினேன். பட்டியலை அபாண்டன் செய்துவிட்டது ‘சி’ எழுத்தை எட்டியவுடன். அப்பட்டியல் வழக்கின் அடர்த்தியை வைத்துப் பத்துத் துணைப்பட்டியல்களாகவும் பிரிக்கப்பட்டுள்ளது என்பதைப் பிறகுதான் கவனித்தேன். முதல் துணைப்பட்டியலின் 60 குடும்பங்களை மட்டும் ஓர் அட்டையில் எழுதி, அந்த வாரப் பாடத்தில் எவையெவை வருகின்றன என்று பார்த்து வாக்கியத்தோடு குறிப்பேட்டில் ஏற்றினேன். ஒரு பருவத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

இப்போது கறுப்பு மையின் கதைக்கு வருகிறேன். முன்னாய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டு எழுதும் பயிற்சி இரண்டாம் பருவ முடிவில் வந்தது. எட்டுக் கட்டுரைகளையும் படித்துவிட்டு எட்டுப் பத்தி எழுதினேன். அவர் இப்படிச் சொன்னார், இவர் அப்படிச் சொன்னார். “இது துணி துவைத்துக் கொடியில் காயப்போட்டது போல இருக்கிறது, நீங்கள் எதை உடுத்திக்கொண்டீர்கள்?” என்று கேட்டார் ஆசிரியர். இவர்களைப் பற்றி நான் என்ன சொல்லிவிட முடியும் என்ற தயக்கம் எனக்கு. அன்றிரவு, பள்ளியில் மதிப்பெண்ணுக்காக ஒப்பித்த நன்னூல் பாயிரம் நினைவுக்கு வந்தது. நூலுக்குரிய மதம், அதாவது பிறர் கருத்தை நூலாசிரியர் எதிர்கொள்ளும் நிலைப்பாடு, ஏழு என்று பவணந்தியார் எண்ணிக் காட்டுகிறார்: பிறர் கருத்துக்கு உடன்படுதல்; மறுத்தல்; முதலில் உடன்பட்டுப் பின்னர்க் களைதல்; தானே ஒன்றை நாட்டி அதை நிலைநிறுத்தல்; இருவர் மாறுபடும்போது ஒன்றைத் துணிதல்; பிறர் நூலின் குற்றம் காட்டுதல்; பிறர் கருத்தோடு சேராமல் தன் கருத்தையே கொள்ளுதல். ஆய்வு முறையியல் வகுப்பில் பருவம் முழுதும் எனக்குப் பிடிபடாதது இந்த ஏழில் அடங்கியிருந்தது. என் எட்டுப் பத்தியிலும் ஏழில் ஒன்றுகூட இல்லை.

ஒரு தாளில் ஏழு மதத்தையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே, வாசித்த கட்டுரைகளிலிருந்தே ஆங்கிலத் தொடர்களைப் பொறுக்கி நிரப்பினேன். உடன்படலுக்கு ‘கன்சிஸ்டன்ட் வித்’, ‘இன் லைன் வித்’. உடன்பட்டுக் களைதலுக்கு, ‘ஒருவகையில் இது சரியே, ஆயினும்’ என்ற பொருள் தரும் ‘வைல்’, ‘ஆல்தோ’, ‘ஹவெவர்’. குற்றம் காட்டலுக்கு ‘ஓவர்லுக்’, ‘ஃபெயில்ஸ் டு அக்கவுன்ட் ஃபார்’. மான்செஸ்டர் பல்கலைக்கழகம் இத்தகைய தொடர்களைத் தொகுத்து ‘அகடமிக் ஃபிரேஸ்பேங்க்’ என்ற பெயரில் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. ஆனால் அதைத் திறந்து ஒரு தொடரை எடுத்து ஒட்டுவதற்கு முன், ஏழில் எந்த மதத்தை இங்கே மேற்கொள்கிறேன் என்று தமிழில் முடிவெடுத்துவிடுவது நல்லது. உடன்படுகிறேனா மறுக்கிறேனா என்றே தெரியாமல் ‘ஹவெவர்’ போட்டால், வாசகர் திருப்பத்தை எதிர்பார்த்துத் திரும்பி, ஏமாந்து நிற்பார். புதிய மாணவர்களின் கட்டுரைகளில் நான் அதிகமாகப் பார்க்கும் பிழை இதுதான்.

எதையும் எவ்வளவு உறுதியாகச் சொல்வது என்பது இதோடு ஒட்டிய சிக்கல். ‘ஆதிகாலந்தொட்டே மனிதன்’ என்று தொடங்கி ‘என்பதில் ஐயமில்லை’ என்று முடிக்கும் முன்னுரைப் பழக்கம் எனக்குப் பள்ளியிலிருந்தே உண்டு. சமூக அறிவியலில் ஐயமில்லாமல் சொல்லக்கூடியது மிகக் குறைவு. ஒரு நகரத்தில், ஓர் ஆண்டில், சில நூறு பேரிடம் கேட்டதை வைத்து ‘மக்கள்’ என்று எழுத இயலாது. உறுதியைத் தளர்த்தும் சொற்களுக்கு ஜார்ஜ் லேக்காஃப் என்ற மொழியியலாளர் 1972-இல் ‘ஹெட்ஜ்’ என்று பெயரிட்டார். வேலி என்று வைத்துக்கொள்ளலாம். தமிழில் ‘கூடும்’, ‘எனலாம்’, ‘போலும்’ செய்யும் வேலையை ஆங்கிலத்தில் ‘மே’, ‘டெண்ட் டு’, ‘அப்பியர்ஸ்’ செய்கின்றன. இதைக் கற்றுக்கொண்ட உற்சாகத்தில் ஒரே வாக்கியத்தில் ‘பெர்ஹாப்ஸ்’, ‘மே’, ‘பாசிப்ளி’ மூன்றையும் நட்டுவைத்தேன். ஒரு வாக்கியத்துக்கு ஒரு வேலி போதும் என்று ஓரக்குறிப்பு வந்தது. கொஞ்ச நாளில் எங்கே வேலி தேவை என்பதற்கு ஒரு வழி கண்டுகொண்டேன்: தரவு எதுவரை போகிறதோ அதுவரை வேலியில்லாமல் எழுதுவது, அதற்கு அப்பால் விளக்கம் தொடங்கும் இடத்தில் வேலி போடுவது.

தரவைச் சொல்லும் வாக்கியங்களில் ஒரு சொல் மாறினாலும் செய்தியே மாறிவிடும் என்பதை இரண்டு முறை அடிபட்டுத்தான் கற்றேன். ஓர் அட்டவணையில் ஒரு விகிதம் 20 விழுக்காட்டிலிருந்து 25 விழுக்காடாக உயர்ந்திருந்தது. 5 விழுக்காடு உயர்வு என்று எழுதினேன். உயர்வு 5 விழுக்காட்டுப் புள்ளிகள், அதாவது ‘பெர்சன்டேஜ் பாயின்ட்ஸ்’. விழுக்காட்டில் சொன்னால் அது 25 விழுக்காடு உயர்வு. இன்னொன்று துர்கைமிடமே. அவர் ஒப்பிட்டது பகுதிகளின், மதக்குழுக்களின் தற்கொலை விகிதங்களை. புராட்டஸ்டண்ட் மக்கள் மிகுந்த பகுதிகளில் விகிதம் கத்தோலிக்கப் பகுதிகளைவிட அதிகம் என்பதை நான் சுருக்குகிறேன் பேர்வழி என்று ‘புராட்டஸ்டண்ட் ஒருவர் தற்கொலை செய்துகொள்ளும் வாய்ப்பு அதிகம்’ என்று மாற்றி எழுதியிருந்தேன். எழுவாய் பகுதியிலிருந்து தனிமனிதருக்கு நழுவிவிட்டது. இந்த நழுவல் எவ்வளவு ஆபத்தானது என்பதை டபிள்யூ. எஸ். ராபின்சன் என்ற சமூகவியலாளர் 1950-இல் காட்டினார். அமெரிக்காவின் 1930 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகம் வாழ்ந்த மாநிலங்களில் எழுத்தறிவு அதிகம். ஆனால் தனிநபர்களை எடுத்துக்கொண்டால் வெளிநாட்டில் பிறந்தவர்களிடம் எழுத்தறிவு குறைவு. எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களில் அவர்கள் போய்க் குடியேறியிருந்ததுதான் காரணம். அன்று முதல் ஒரு கண்டறிதலைச் சுருக்கும்போது மூலத்தில் எழுவாயாக இருப்பது ஆளா, குழுவா, பகுதியா, விகிதமா என்று வட்டமிட்டு வைத்துக்கொள்கிறேன். ஆங்கிலப் பாடமும் முறையியல் பாடமும் ஒன்றாகிவிடும் இடம் இது. மொழிப்பயிற்சியைத் தனி ஆசிரியரிடமும் துறைப்பாடத்தைத் தனி ஆசிரியரிடமும் பிரித்துக் கொடுப்பதில் எனக்குள்ள மனக்குறையும் இங்கிருந்து வருவதே.

சுருக்கி எழுதுவதில் இன்னொரு தவறும் செய்திருக்கிறேன், அது சற்று வெட்கக்கேடானது. மூல வாக்கியத்தை எதிரே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் இணைச்சொல் தேடி மாற்றிவைத்தால் அது என் வாக்கியம் ஆகிவிடும் என்று நினைத்தேன். ‘சோஷியல் கிளாஸ்’ என்பதைக் ‘கம்யூனல் கேட்டகிரி’ ஆக்கினேன். சமூக வர்க்கம் வகுப்புவாதப் பிரிவாகிவிட்டது. இதைப் ‘பேட்ச்ரைட்டிங்’, அதாவது ஒட்டுப்போட்ட எழுத்து என்பார்கள். பல இடங்களில் இது கருத்துத் திருட்டாகவே கணக்கில் வரும். ஏமாற்றும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. வேறு வழி தெரியவில்லை. வழி பிறந்தது அறைத் தோழனால். அவன் இயற்பியல் மாணவன். கட்டுரையை மூடிவைத்துவிட்டு, அது என்ன சொல்கிறது என்று அவனுக்குத் தமிழில் சொல்வேன். “அது எப்படி அவருக்குத் தெரியும்?” என்று கேட்பான், சான்றைச் சொல்வேன். “எல்லா இடத்திலும் அப்படியா?” என்பான், வரம்பைச் சொல்வேன். அவனுக்கு விளங்கியபின், மூலத்தைத் திறக்காமலேயே ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதுவேன். அதன்பிறகுதான் திறந்து, பொருள் பிசகியிருக்கிறதா, மூலத்தின் தொடர் ஏதேனும் தெரியாமல் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறதா என்று பார்ப்பேன். தமிழில் சொல்லத் தெரியாமல் தடுமாறிய இடங்களை எல்லாம் திரும்பப் போய்ப் பார்த்தால், அங்கே கட்டுரையே எனக்குப் புரிந்திருக்கவில்லை.

வாசிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அகராதியோடு ஊர்ந்துபோவதை நிறுத்தினேன். சுருக்கம், முன்னுரை, முடிவுரை ஆகியவற்றை முதலில் வாசித்துவிட்டு நடுப்பகுதிக்குப் போவேன். ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அது என்ன சொல்கிறது என்பதை எழுதாமல் என்ன செய்கிறது என்பதைத் தமிழில் ஒரு சொல்லாகக் குறிப்பேன்: வரையறை, எதிர்வாதம், சான்று, விலக்கு. ஆய்வுக் கட்டுரை முன்னுரைகள் பெரும்பாலும் களத்தை அறிமுகப்படுத்தி, அதில் உள்ள இடைவெளியைக் காட்டி, அந்த இடைவெளியில் தம் ஆய்வை அமர்த்துகின்றன என்று ஜான் ஸ்வேல்ஸ் என்ற மொழியியலாளர் 1990-இல் விளக்கினார். அந்த இடைவெளி வாக்கியத்தைக் கண்டுபிடித்துவிட்டால் மீதிக் கட்டுரை எதற்காக எழுதப்பட்டது என்பது தெரிந்துவிடும். பெரும்பாலும் ‘ஹவெவர்’ என்றோ ‘லிட்டில் இஸ் நோன்’ (அதிகம் அறியப்படவில்லை) என்றோ தொடங்கும்.

பேச்சு எனக்குக் கடைசியில்தான் வந்தது. செமினாரில் நான் சொல்ல நினைத்ததை மனத்துக்குள் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் பேச்சு மூன்று பேரைத் தாண்டிப் போயிருக்கும். இரண்டு சிறு ஏற்பாடுகள் உதவின. முந்தைய இரவே ஒரே ஒரு கேள்வியை ஆங்கிலத்தில் முழுதாக எழுதிக்கொண்டு போவேன். அதைச் செமினாரின் முதல் பத்து நிமிடத்துக்குள் கேட்டுவிடுவேன். காத்திருக்கக் காத்திருக்க அச்சம்தான் கூடும். இரண்டாவது, அவகாசம் வாங்கித்தரும் தொடர்கள். ‘நீங்கள் சொன்னதைச் சரியாகப் புரிந்துகொண்டேனா’ என்று கேட்டுவிட்டு எதிராளியின் கருத்தை நம் சொற்களில் திருப்பிச் சொன்னால், அந்த இருபது நொடியில் நம் வாக்கியம் உருவாகிவிடும்; அவரும் தம் கருத்து மதிக்கப்பட்டதாக எடுத்துக்கொள்வார். உச்சரிப்பில் நான் கவனம் செலுத்தியது பெயர்களில் மட்டும். எழுத்துக்கூட்டி வாசித்து ‘ஃபௌகால்ட்’ என்று ஒரு பருவம் முழுதும் நான் சொல்லிக்கொண்டிருந்தவர் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோதான் என்று தெரிந்த நாளில், வகுப்பில் இருவேறு அறிஞர்களைப் பற்றிப் பேச்சு நடக்கிறது என்று அதுவரை நான் நினைத்துக்கொண்டிருந்ததும் தெரிந்தது.

மேடையில் படிப்பதற்கு முன் கடிகாரம் வைத்து ஒரு பக்கம் உரக்க வாசித்துப் பார்ப்பது நல்லது. எனக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 110 சொற்கள் வந்தன. பத்து நிமிடப் பேச்சுக்கு 1,800 சொற்கள் எழுதிக்கொண்டு போனவன் முடிவுரைக்கு வராமலே இறக்கப்பட்டதில் வியப்பில்லை. இப்போதும் பத்து நிமிடத்துக்கு ஆயிரத்தைத் தாண்டுவதில்லை.

இன்றைய மாணவர்களிடம் மொழிபெயர்ப்புச் செயலிகளும் எழுதித்தரும் கருவிகளும் கைக்குள் இருக்கின்றன. பயன்படுத்தாதே என்று சொல்லிப் பயனில்லை. வாசித்தது புரிந்ததா என்று சரிபார்க்கவும், எழுதி முடித்ததில் இலக்கணம் பார்க்கவும் அவை உதவும். எழுதுவதையே அவற்றிடம் விட்டால், வாக்கியங்கள் அழகாக வரும். எந்த நிறத்தில் கோடிடுவது என்று கேட்டால் எழுதிக்கொண்டு வந்தவருக்கே தெரியாது.

இப்போது முதலாண்டு மாணவர்களுக்கு வாரம் ஒருமுறை நானே ஒரு பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். முதல் வேலை மூன்று பேனாக்களும் ஒரு பக்கக் கட்டுரையும். அண்மையில் ஒரு மாணவி பேனாவை அந்தரத்தில் பிடித்தபடி, “சார், ஒரே வாக்கியத்துக்கு இரண்டு நிறம் வரலாமா?” என்று கேட்டார். ‘துர்கைம் காட்டியபடி’ என்று தொடங்கும் வாக்கியம் அது. துர்கைம் சொன்னது என்பதால் நீலம் என்றார் பக்கத்தில் இருந்தவர். “அவர் சொன்னார் என்றால் நீலம் சரி, ‘காட்டினார்’ என்று எழுதினால் அவர் சொன்னது உண்மை என்று நானும் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிறதே, அந்த ‘ஷோ’ என்ற சொல் என்னுடையது இல்லையா?” என்றார் அந்த மாணவி. ‘ஆர்க்யூ’ என்று போட்டால் என்ன ஆகும், ‘க்ளெய்ம்’ என்று போட்டால் என்ன ஆகும், ‘சஜஸ்ட்’ என்றால் யாருடைய தயக்கம் அது என்று ஒவ்வொன்றாகக் கரும்பலகையில் மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தோம். ஒரு மணி நேரமும் அந்த ஒரு வாக்கியத்திலேயே போயிற்று. மீதிப் பக்கத்தை யாரும் தொடவில்லை. அந்த மாணவி கடைசியில் வாக்கியம் முழுதும் நீலக் கோடிட்டு, அந்த ஒரு வினைச்சொல்லின் அடியில் மட்டும் கறுப்பில் இன்னொரு கோடு போட்டுக்கொண்டார்.